கவனத்துக்கும் விழிப்புக்கும் தரப்படும் மாத்திரைகள்: பெங்களூர்த் தமிழர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பெங்களூரில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். அல்சூர், விவேக்நகர், ஸ்ரீராமபுரம், கே.ஆர்.புரம் என்று நாலாபக்கமிருந்தும் நம்மவர்கள் வருவார்கள். தயங்கித் தயங்கிச் சீட்டை நீட்டுபவர்களிடம் தமிழில் இரண்டு வார்த்தை பேசினால் போதும், மனசில் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். "பிள்ளைக்கு இது பழக்கமாயிடுமா?" "தூக்க வியாதிக்குத் தூக்கத்தைக் கெடுக்கிற மாத்திரையா?" "மத்த மருந்துக்கு ஒரு சீட்டு போதும்ங்கறீங்க, இதுக்கு மட்டும் ஏன் ரெண்டு?" ஓ.பி. அறையில் மருத்துவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் இவை எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் வரிசைப்படி எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் இதில் உள்ளதற்கு மாறாக ஏதாவது சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். அவர் உங்களைப் பரிசோதித்தவர்.

எந்த மருந்துகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறுக்கு இந்தியாவில் கிடைக்கும் முக்கியமான ஊக்க மருந்து மெத்தில்ஃபெனிடேட். இன்ஸ்பைரல், அட்வைஸ் போன்ற பெயர்களில் வருகிறது. மூளையில் டோபமின், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் சீக்கிரமே திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுத்து, அவை கொஞ்ச நேரம் கூடுதலாக வேலை செய்ய விடுகிறது. பகலில் அடக்க முடியாமல் தூக்கம் தள்ளும் நார்கோலெப்சிக்கும் இதைத் தருவதுண்டு. ஆனால் அந்த நோய்க்கு இங்கே அதிகம் எழுதப்படுவது மோடாஃபினில், இல்லையென்றால் அதன் உறவுக்கார மருந்தான ஆர்மோடாஃபினில். மோடலர்ட், வேக்லர்ட் என்ற பெயர்களில் பார்த்திருப்பீர்கள். ஏ.டி.எச்.டி.க்கே தரப்படும் அட்டாமாக்செட்டின் ஊக்க மருந்து வகையைச் சேர்ந்தது கிடையாது. அது மெதுவாக, நாலு முதல் ஆறு வாரத்தில் பலன் காட்டும். அமெரிக்காவில் சாதாரணமாக எழுதப்படும் ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகள், உதாரணமாக அடரால், நம் நாட்டில் விற்பனையில் இல்லை.

படி 1: நோய் இதுதானா என்று உறுதிப்படுத்துங்கள்

நான் பார்த்தவரை பாதிச் சிக்கல் இந்த இடத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. ஏ.டி.எச்.டி.யைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. மனநல மருத்துவர் உட்கார்ந்து பேசி, சின்ன வயதிலிருந்து நடந்ததைக் கேட்டுத்தான் முடிவு செய்வார். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி, வேலை என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வாழ்க்கையில் உண்மையாகவே இடைஞ்சல் தந்திருக்க வேண்டும். வேலை மாறிய பிறகு மூன்று மாதமாக மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை என்றால் காரணம் வேறாக இருக்கலாம். தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு, பதற்றம், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்க மூச்சுத்திணறல் என எல்லாமே கவனக்குறைவு போலவே தோற்றம் காட்டும்.

பெரியவர்களுக்கு நான் சொல்வது: பழைய ரேங்க் கார்டுகள் ஊரில் பெட்டியில் கிடந்தால் எடுத்து வரச் சொல்லுங்கள். "புத்திசாலி, ஆனால் கவனம் இல்லை" என்று ஐந்தாம் வகுப்பு டீச்சர் எழுதிய ஒரு வரி, மருத்துவருக்கு எந்தக் கேள்வித்தாளையும் விட உதவும். அம்மாவோ அக்காவோ கூட வந்தால் இன்னும் நல்லது.

நார்கோலெப்சி என்று சந்தேகம் வந்தால் பரிசோதனை உண்டு. இரவு முழுக்க மருத்துவமனையில் படுக்க வைத்து ஸ்லீப் ஸ்டடி எடுப்பார்கள். மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று நாலைந்து தடவை தூங்க வாய்ப்புக் கொடுத்து, எத்தனை நிமிடத்தில் தூக்கம் பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். சராசரியாக 8 நிமிடத்துக்குள் தூங்கிவிட்டால், அதில் இரண்டு தடவையாவது உடனே கனவுத் தூக்கத்துக்குள் போய்விட்டால், அது நார்கோலெப்சியைக் காட்டும். சிரிக்கும்போது முழங்கால் மடங்கிப்போவது, தாடை தொங்கிப்போவது மாதிரி ஏதாவது நடந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் அது, ஆனால் அதைவிடத் தெளிவான தடயம் இந்த நோயில் வேறில்லை.

அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்துவிட்டு விடிகாலை மூன்று மணிக்குப் படுத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப ஏழு மணிக்கு எழுந்திருப்பவர்கள் இந்த ஊரில் ஏராளம். நாலு மணி நேரத் தூக்கத்தோடு மறுநாள் கண் சொருகினால் உடம்பு சரியாகத்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதைக் கொடுத்துப் பார்க்காமல் மாத்திரை கேட்டு வராதீர்கள்.

எங்கே போவது? ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனி மனநலப் பிரிவுகளும் நரம்பியல் பிரிவும் உண்டு. "அங்கயா?" என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். 1974-ல் உருவான அந்த நிறுவனம் நாட்டிலேயே இந்தத் துறையில் முதல் வரிசையில் இருப்பது. கூட்டம் அதிகம், காலையிலேயே போக வேண்டும், அவ்வளவுதான். எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. மாத்திரை எழுதித் தர மாட்டார்கள், வழி காட்டுவார்கள்.

படி 2: உடம்பைப் பற்றி ஒன்று விடாமல் சொல்லுங்கள்

முதல் மாத்திரைக்கு முன் எடை, குழந்தையானால் உயரம், பி.பி., நாடித்துடிப்பு நாலும் குறிக்கப்பட வேண்டும். பார்க்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். எல்லாருக்கும் ஈ.சி.ஜி. தேவைப்படாது. ஆனால் விளையாடும்போது மயங்கி விழுந்தது, பிறவி இதயக் கோளாறு, நெஞ்சு படபடப்பு, பெற்றோரிலோ உடன்பிறந்தவர்களிலோ 40 வயதுக்குள் திடீரென்று இறந்தவர் என்று ஏதாவது இருந்தால் முதலில் இதய மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். "சின்ன வயசுலயே போயிட்டார், காரணம் தெரியாது" என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சித்தப்பா கதையைக்கூட மருத்துவரிடம் சொல்லுங்கள். தேவையா இல்லையா என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

கண் அழுத்த நோய், தைராய்டு மிகைப்பு, வலிப்பு, முகத்திலோ கழுத்திலோ தானாக வரும் வெட்டிழுப்பு, குடும்பத்தில் யாருக்காவது இருமுனைக் கோளாறு (பைபோலார்), முன்பு எப்போதாவது குரல் கேட்டது, குடிப்பழக்கம், போதைப் பழக்கம் ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும். யாரும் உங்களைத் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. அதற்கேற்ப மருந்தை மாற்றுவார்கள்.

மற்ற மருந்துகளில் நான் மிகவும் கவலைப்படுவது லினெசோலிட் பற்றித்தான். மருந்துக்கு அடங்காத காசநோய்க்கும் சில தொற்றுகளுக்கும் தரப்படும் ஆன்டிபயாட்டிக் அது. அதையும் மெத்தில்ஃபெனிடேட்டையும் சேர்த்தால் பி.பி. ஆபத்தான அளவுக்கு ஏறலாம். பார்க்கின்சனுக்குத் தரப்படும் செலிஜிலினும் அப்படியே, அதை நிறுத்திக் குறைந்தது 14 நாள் கழித்துத்தான் இதைத் தொடங்கலாம். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின் சாப்பிடுபவர்களுக்கு அளவைச் சரிபார்க்க வேண்டியிருக்கும். ஜலதோஷத்துக்குக் கடையில் வாங்கும் மாத்திரைகள் பலவற்றில் ஃபினைலெஃப்ரின் இருக்கிறது, அதுவும் பி.பி.யை ஏற்றும். நாட்டு மருந்துதானே என்று தொண்டைக்குத் தினமும் அதிமதுரம் எடுப்பவர்கள் அதையும் சொல்லுங்கள். நிறைய எடுத்தால் அதற்கும் பி.பி.யை ஏற்றும் குணம் உண்டு.

கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்தாலோ, பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள்.

படி 3: சீட்டும் கடையும்

மெத்தில்ஃபெனிடேட் ஷெட்யூல் எக்ஸ் பட்டியலில் உள்ள மருந்து. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கிறது. அட்டையின் மூலையில் எக்ஸ்ஆர்எக்ஸ் என்று சிவப்பு எழுத்தில் குறி இருக்கும். இதை விற்க மருந்துக்கடைக்குத் தனி உரிமம் வேண்டும், பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும், சீட்டு இரண்டு பிரதிகளாக இருக்க வேண்டும். ஒரு பிரதியைக் கடை இரண்டு வருடம் பாதுகாக்க வேண்டும். நான் இரண்டாவது சீட்டைக் கேட்பதும், பேரேட்டில் உங்கள் பெயர், விலாசம், மருத்துவரின் பதிவு எண் எல்லாம் எழுதுவதும் இதனால்தான். உங்கள் மேல் சந்தேகப்பட்டுக் கேட்பதாக நினைக்காதீர்கள்.

தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் இது கிடைக்காது. எழுதிக் கொடுத்த மருத்துவமனையின் மருந்தகத்திலேயே வாங்கிவிடுவது லேசு. சில சமயம் அங்கேயும் சரக்கு இருக்காது. அதனால் கடைசி அட்டையைப் பிரிக்கும்போதே, அதாவது கையில் ஒரு வாரத்துக்கு மாத்திரை இருக்கும்போதே போன் செய்து கேட்டுவிட்டு வாருங்கள். அந்த அளவு இல்லை, வேறு கம்பெனி இருக்கிறது என்று கடையில் சொன்னால் அப்படியே வாங்கிவிட வேண்டாம். மெதுவாகக் கரையும் வகைகளில் கம்பெனிக்குக் கம்பெனி மருந்து வெளிவரும் வேகம் மாறும். மில்லிகிராம் ஒன்றாக இருந்தாலும் பலன் ஒன்றாக இருக்காது. மருத்துவரைக் கேட்டு மாற்றுங்கள்.

வீடியோ அழைப்பில் இந்த மருந்தை எழுதி வாங்க முடியாது. 2020-ல் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளை அப்படி எழுதுவதைத் தடுத்திருக்கின்றன. நேரில் போகத்தான் வேண்டும். ஒயிட்ஃபீல்டிலிருந்து அரை நாள் லீவு போட்டு வருவது கஷ்டம்தான், எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரில் போகும் சாக்கில்தான் உங்கள் பி.பி.யை ஒருவர் பார்க்கிறார். டெலிகிராமிலும் வாட்ஸப்பிலும் சீட்டே இல்லாமல் வீட்டுக்கு அனுப்புகிறோம் என்பவர்களிடம் வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, மாட்டிக்கொண்டால் சட்டம் வாங்கியவரையும் கேட்கும்.

அமெரிக்காவில் அடரால் சாப்பிட்டுக்கொண்டிருந்து இங்கே திரும்பியவர்கள், அங்கிருந்து மாத்திரையைத் தபாலில் வரவழைக்க நினைக்கவே வேண்டாம். பழைய மருத்துவக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு இங்குள்ள மருத்துவரைப் பாருங்கள். மெத்தில்ஃபெனிடேட்டுக்கு மாற்றிக் கொடுப்பார், அளவை முதலிலிருந்து பார்த்துக் கூட்ட வேண்டியிருக்கும்.

படி 4: முதல் வாரங்கள், ஒரு நோட்டு, ஒரு கடிகாரம்

இந்த மருந்துகளில் பாதுகாப்பு பெரும்பாலும் நேரத்தைப் பொறுத்தது என்பது என் உறுதியான எண்ணம். சாதாரண மெத்தில்ஃபெனிடேட் மூன்று நாலு மணி நேரம் வேலை செய்யும். மெதுவாகக் கரையும் வகைகள் 8 மணி நேரம், சிலது 10 முதல் 12 மணி நேரம். சின்ன அளவில், பெரும்பாலும் 5 மில்லிகிராம் காலையும் மதியமும் என்றோ, நீண்ட நேர வகையானால் காலையில் 18 மில்லிகிராம் என்றோ தொடங்கி, வாரத்துக்கு ஒரு படி என்று மருத்துவர் கூட்டுவார். ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பொதுவாக இதைத் தொடங்குவதில்லை.

"நேத்து போட்டதுக்கு ஒண்ணும் தெரியல" என்று நீங்களே இரண்டாகப் போடாதீர்கள். அதிகம் போட்டால் அதிகம் கவனம் வரும் என்று கிடையாது. ஒரு அளவுக்கு மேலே போனால் கை நடுங்கும், மனசு படபடக்கும், பிள்ளை பொம்மை மாதிரி ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து "நல்லா அடங்கிட்டான்" என்று சந்தோஷப்பட வேண்டாம். சிரிப்பும் பேச்சும் குறைந்துபோனால் அளவு கூடிவிட்டது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். போன் செயலியெல்லாம் நாலு நாளில் மறந்துவிடும். சமையலறையில் கண்ணில் படும் இடத்தில் நோட்டு கிடந்தால் வீட்டில் யாராவது எழுதிவிடுவார்கள். ஒரு அம்மா என்னிடம் காட்டிய பக்கம் ஏறக்குறைய இப்படி இருந்தது: "7.40 இட்லி மூணு. 8.00 மாத்திரை. மதியம் டிபன் டப்பால பாதி மிச்சம். மேத்ஸ் டீச்சர் இன்னிக்கு எதுவும் சொல்லல. 4.30 சும்மா சும்மா அழுகை, தங்கச்சிய அடிச்சான். 6.00 தோசை நாலு கேட்டு சாப்பிட்டான். 10.45 தூக்கம்." இதைவிட என்ன வேண்டும்? பசி எப்போது குறைந்தது, மருந்தின் வேகம் எந்த மணிக்கு இறங்கியது, தூக்கம் எவ்வளவு தள்ளிப்போனது என எல்லாம் அதில் இருக்கிறது. நாலரை மணி அழுகை அடம் இல்லை, மருந்து இறங்கும் நேரத்தில் வரும் எரிச்சல். அதைப் பார்த்த மருத்துவர் அளவைக் கூட்டாமல் மருந்தின் வகையை மாற்றினார்.

காலை மாத்திரை மறந்துபோனால்? சாதாரண வகையானால் மதிய அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இரண்டைச் சேர்த்துப் போடாதீர்கள். நீண்ட நேர வகையானால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் காலை வழக்கம்போல. மதியம் இரண்டு மணிக்கு 12 மணி நேர மாத்திரையைப் போட்டால் இரவு இரண்டு மணிக்கு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். சாதாரண வகையையும் மாலை நாலு மணிக்குமேல் வேண்டாம், மருத்துவர் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தாலொழிய.

படி 5: முழுசாக விழுங்குவது

"ஏம்மா, இத நுணுக்கித் தேன்ல கொழைச்சுக் குடுக்கட்டுமா? பய மாத்திரைன்னாலே ஓடறான்."

"வேணாம் பாட்டி. இத முழுசாத்தான் முழுங்கணும்."

பேரனுக்காக வந்த ஒரு பாட்டிக்கும் எனக்கும் நடந்த பேச்சு இது. பாட்டிகள் நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். ஆனால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவர வேண்டிய மருந்தை நுணுக்கினால் மொத்தமும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கிவிடும். மென்றாலும் அப்படித்தான், பாதியாக உடைத்தாலும் அப்படித்தான். விழுங்க முடியாத பிள்ளைக்கு வேறு வகை இருக்கிறதா என்று கேளுங்கள். அதற்குள் சின்னச் சின்னப் பொரி, பிறகு கொஞ்சம் பெரிய மிட்டாய்த் துண்டு என்று தண்ணீரோடு விழுங்கப் பழக்கலாம்.

சில நீண்ட நேர மாத்திரைகளின் ஓடு கரையாது. மலத்தில் மாத்திரை அப்படியே வந்துவிட்டதே என்று பயந்து இன்னொன்று கொடுத்துவிடாதீர்கள். மருந்து உள்ளே இறங்கியாயிற்று, வெளியே வந்தது வெறும் ஓடு.

படி 6: சாப்பாடு, காபி, தூக்கம், விரதம்

பசி குறைவதுதான் எல்லாரும் முதலில் கவனிக்கும் பக்கவிளைவு. காலை மாத்திரைக்கு முன்பே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட வேண்டும், பொங்கலோ இட்லியோ முட்டையோ எதுவானாலும். மதியம் குறைவாகத்தான் இறங்கும், அதற்காகச் சண்டை போடாதீர்கள். மாலை மருந்து இறங்கியதும் பசி வரும். அந்த நேரத்தில் பிஸ்கெட் பாக்கெட்டைப் பிரிக்காமல் சுண்டல், வேர்க்கடலை, பால், தோசை என்று உருப்படியாகக் கொடுங்கள்.

நம் வீடுகளில் ஃபில்டர் காபியை நிறுத்து என்று சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று தெரியும். காலை ஒரு டம்ளர் இருக்கட்டும். முதல் சில வாரங்களுக்கு அதோடு நிறுத்தி, நாடித்துடிப்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். எனர்ஜி டிரிங்க் கூடவே கூடாது. மதுவும் கூடாது. ஊக்க மருந்து போதையை உணரவிடாது, அதனால் எவ்வளவு குடித்தோம் என்று தெரியாமல் குடித்துவிடுவார்கள்.

விரத நாளில் வெறும் வயிற்றில் போடாதீர்கள். ஆடி வெள்ளி, சஷ்டி விரதம் எடுப்பவர்களும், ரமலான் நோன்பு வைப்பவர்களும் ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். நேரத்தை மாற்றியமைக்க வழி இருக்கலாம்.

படி 7: எதை, எப்போது அளப்பது

ஒவ்வொரு முறை அளவு மாறும்போதும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பி.பி., நாடித்துடிப்பு பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கு உயரம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, 10 வயதுவரை எடை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டினால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் தாத்தாவுக்கு வாங்கிய பி.பி. மெஷின் இருந்தால் அதுவே பெரியவர்களுக்குப் போதும். குழந்தையின் கைக்கு அதன் பட்டை பெரிது, அளவு தப்பாகக் காட்டும்.

தலைவலி, வயிற்றுவலி, வாய் வறட்சி முதல் சில நாட்களில் வந்து தானே குறையும். விரல் நுனிகள் வெளிறி நீலமாவது, புதிதாக முகம் இழுப்பது, தூக்கமே இல்லாமல் உற்சாகம் பொங்குவது, சந்தேகம் அதிகமாவது வந்தால் உடனே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். அட்டாமாக்செட்டின் தொடங்கிய பிள்ளைகள், இளைஞர்களின் பேச்சில் சாவைப் பற்றிய வார்த்தை வந்தால் அதை நடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள்.

நெஞ்சுவலி, மயக்கம், வலிப்பு, மூச்சுத்திணறல், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, மணிக்கணக்கில் தணியாத ஆண்குறி விறைப்பு என்று ஏதாவது வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

படி 8: மோடாஃபினில் எடுப்பவர்களுக்குத் தனியாக

இந்த மருந்தை நம் ஊரில் மிகவும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். நைட் ஷிஃப்ட் நண்பன் கொடுத்தான், பரீட்சைக்கு ரூம்மேட் கொடுத்தாள் என்று ஆரம்பிக்கிறது. ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2010-ல் ஆராய்ந்து பார்த்து, நார்கோலெப்சி தவிர மற்ற காரணங்களுக்கு இதைத் தர வேண்டாம் என்று பரிந்துரைத்தது. தோல், மனநலம் சார்ந்த பக்கவிளைவுகள் அதற்குக் காரணம். அமெரிக்காவில் ஷிஃப்ட் வேலைத் தூக்கக் கோளாறுக்கும், தூக்க மூச்சுத்திணறலில் மிச்சமிருக்கும் தூக்கக் கலக்கத்துக்கும்கூட அனுமதி உண்டு. எந்தக் காரணத்துக்கு என்றாலும் எழுதித் தர வேண்டியவர் மருத்துவர்.

வழக்கமான அளவு காலையில் 200 மில்லிகிராம். போட்ட மருந்தில் பாதி வெளியேறவே ஏறத்தாழ 15 மணி நேரம் ஆகும். காலை 7 மணிக்குப் போட்டது இரவு 10 மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். அதனால் மதியத்துக்கு மேல் போட்டால் இரவுத் தூக்கம் போய்விடும். ஷிஃப்ட் வேலைக் கோளாறுக்குத் தந்திருந்தால், வேலை தொடங்க ஒரு மணி நேரம் முன்பு.

பெண்களுக்கு ஒரு முக்கியமான விஷயம், இதைக் கேட்கக் கூச்சப்பட்டுத் தெரியாமலே போய்விடுகிறார்கள். மோடாஃபினில் கருத்தடை மாத்திரைகளின் பலனைக் குறைத்துவிடும். அவசரக் கருத்தடை மாத்திரையையும் நம்பி இருக்க முடியாதபடி ஆக்கலாம். மருந்தை நிறுத்திய பிறகும் ஒன்றிரண்டு மாதங்களுக்கு இந்த விளைவு நீடிக்கும். கர்ப்பத்தில் எடுத்தால் குழந்தைக்குப் பிறவிக் குறை வரும் ஆபத்தும் உண்டு. அதனால் ஆணுறையோ காப்பர் டியோ போன்ற ஹார்மோன் இல்லாத முறைக்கு மாறுவதைப் பற்றிப் பேசிவிடுங்கள். கவுன்ட்டரில் நாலு பேர் முன்னால் வேண்டாம் என்றால் "கொஞ்சம் தனியா பேசணும்" என்று சொன்னால் போதும், எந்த நல்ல பார்மசிஸ்ட்டும் ஒதுக்கமாக வந்து பேசுவார்.

தோலில் தடிப்பு, வாயில் புண், கண் சிவப்பு, காய்ச்சல் வந்தால் அடுத்த மாத்திரை போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அரிதாக வந்தாலும் உயிருக்கு ஆபத்தான தோல் நோயின் ஆரம்பமாக இருக்கலாம்.

தூக்க மூச்சுத்திணறலுக்கு சிபேப் கருவி (இரவில் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்புவது) வைத்திருப்பவர்கள் மாத்திரை வந்ததும் கருவியைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். மாத்திரை தூக்கக் கலக்கத்தைத்தான் மறைக்கிறது, தூக்கத்தில் மூச்சு நிற்பது தொடரத்தான் செய்கிறது. நார்கோலெப்சிக்காரர்களுக்கும் மருந்து மட்டும் போதாது. பகலில் நேரம் வகுத்து 15, 20 நிமிடக் குட்டித் தூக்கம் போட அலுவலகத்தில் பேசி இடம் வாங்குங்கள். சிரித்தால் உடம்பு தளர்வதற்கு மோடாஃபினில் உதவாது, அதற்கு வேறு மருந்து உண்டு. நோய் கட்டுக்குள் வந்து மருத்துவர் சொல்லும்வரை அவுட்டர் ரிங் ரோட்டில் டூவீலர் ஓட்டவே வேண்டாம்.

படி 9: பூட்டு, எண்ணிக்கை, பகிராமை

பூட்டுள்ள டப்பாவில் வையுங்கள், வாரம் ஒருமுறை எண்ணுங்கள். பி.ஜி.யில் தங்கியிருப்பவர்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று அறைத்தோழர்களிடம் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. நீட் பரீட்சை சமயத்தில் "ஒண்ணே ஒண்ணு குடு மச்சான்" என்று கேட்பார்கள். கொடுப்பது சட்டப்படி குற்றம். அதைவிட, அவனுடைய இதயத்தைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளையின் பையில் தனி மாத்திரையைச் சுருட்டி வைத்து அனுப்பாதீர்கள். மதிய மாத்திரை தவிர்க்க முடியாதது என்றால் பள்ளி நர்ஸிடமோ வகுப்பாசிரியரிடமோ பெயர் எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் காலை ஒருவேளை வகைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

பழக்கமாயிடுமா என்ற கேள்விக்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. சொன்ன அளவில், சொன்ன நேரத்தில், மருத்துவர் கண்காணிப்பில் எடுப்பவர்களுக்கு அடிமைத்தனம் வருவது குறைவு. அளவை மீறுபவர்கள், பொடித்து மூக்கில் உறிஞ்சுபவர்கள், கிளுகிளுப்புக்காக எடுப்பவர்களுக்கு அது நிஜமான ஆபத்து. அமெரிக்காவில் மெத்தில்ஃபெனிடேட் போன்ற ஊக்க மருந்துகளின் விவரக் குறிப்பில் இதற்கென்று கட்டம் கட்டிய எச்சரிக்கையே உண்டு. மாத்திரை சீக்கிரம் தீர்ந்துபோகிறது, அடுத்ததை எண்ணிக்கொண்டே இருக்கிறது மனசு என்றால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படி 10: ஊருக்கும் வெளிநாட்டுக்கும் போகும்போது

பொங்கலுக்குச் சேலம், தருமபுரி, திருவண்ணாமலை என்று போகிறவர்கள் தேவையான மாத்திரையை இங்கேயே எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே கிடைப்பது கஷ்டம். அட்டையிலிருந்து பிரிக்காமல், உங்கள் கையில் இருக்கும் சீட்டோடு. வெளிநாடு என்றால் டிக்கெட் போடும்போதே அந்த நாட்டுத் தூதரகத்தின், சுகாதாரத் துறையின் விதிகளைப் பாருங்கள். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் முன் அனுமதி வாங்கிப் போவதே பாதுகாப்பு. ஜப்பானுக்குள் ஆம்ஃபெட்டமின் மருந்துகளைச் சீட்டு இருந்தாலும் கொண்டுபோக முடியாது.

படி 11: நிறுத்துவதும் மிச்சத்தை அழிப்பதும்

வருடத்துக்கு ஒருமுறையாவது இந்த மருந்து இன்னும் தேவையா என்று மருத்துவரோடு உட்கார்ந்து பாருங்கள். பெரிய லீவில் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்கலாம், எடையோ உயரமோ பின்தங்கிய பிள்ளைகளுக்கு அப்படிச் சிலர் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். அதிக அளவில் எடுத்துக்கொண்டிருந்து சட்டென்று விட்டால் அசதியும் மனச்சோர்வும் வரும், நார்கோலெப்சிக்காரர்களுக்கு மறுநாளே தூக்கம் திரும்பிவிடும், அது ரோட்டில் வைத்து வரலாம்.

மிச்சமான மெத்தில்ஃபெனிடேட்டைக் குப்பையில் போடவோ, அடுத்த வருடத்துக்கு என்று எடுத்து வைக்கவோ வேண்டாம். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் வெளியிட்ட வழிகாட்டலில், வீட்டில் இருந்தால் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டிய சில மருந்துகளின் பட்டியலில் இதுவும் இருக்கிறது. மோடாஃபினில் அந்தப் பட்டியலில் இல்லை. அதை வாங்கிய மருந்தகத்தில் கொடுத்து அழிக்கச் சொல்லிக் கேளுங்கள்.